கழுவிய காலைக் கழுவும் வியாழன்

எங்கள் கோவிலில் தாழ்மைக்கென்று வருஷத்தில் ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின வியாழக்கிழமை, பெரிய வியாழன். இயேசு தன் சீடர்கள் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவியதுபோல, அன்று சாயங்காலப் பூசையில் பங்குச்சாமி பன்னிரண்டு பேரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, மண்டியிட்டு, ஆளுக்கொரு வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். அந்தப் பன்னிரண்டில் ஓர் இடம் பிடிக்க எங்கள் முதலியார்பேட்டை ஜனங்கள் போடும் சண்டையைப் பார்த்திருந்தால், இயேசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அப்போதே கிளம்பியிருப்பார்.

எனக்கு வாய் நீளம். மற்றவர்கள் சொல்வதற்குமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தவக்காலத்துக்கும் நாற்பது நாள் கோபப்படுவதில்லை என்று நேர்ந்துகொள்வேன். விபூதிப் புதனன்று நெற்றியில் பூசிய சாம்பல் உதிர்வதற்குள் பால்காரரிடம் அது முடிந்துபோகும். என் வீட்டுக்காரர் அப்படியில்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் பதினாலு இடத்திலும் வெறும் தரையில் முட்டி போடுவார். ஒருசந்தி என்றால் ஒரே வேளைதான் சாப்பிடுவார், அதையும் யாரிடமும் சொல்லமாட்டார். நாற்பது நாளும், சாரம் பக்கம் அவர் வேலை பார்க்கும் ஹார்டுவேர் கடையில் அவர் விரதம் என்று ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் தெருவில் மற்றவர்கள் விரதம் இருப்பது ஊருக்கே தெரியும். கறி தொடமாட்டேன் என்று நேர்ந்துகொண்டவர்கள் காளான் பிரியாணிக்கு வரிசையில் நிற்பார்கள். ஒரு பெண் தவக்காலம் முழுக்க வாட்ஸப் பார்ப்பதில்லை என்று முடிவெடுத்து, அதைத் தினமும் காலையில் வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டாள். இப்போதெல்லாம் எங்கள் தவக்காலமும் பாய் வீட்டு நோன்பும் ஒரே சமயத்தில் வருகின்றன. பக்கத்து வீட்டுத் தையல்கார பாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் மெஷினை மிதித்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் நாங்கள், டீயில் சர்க்கரையைக் குறைத்துவிட்டுச் சிலுவை சுமந்ததுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருப்போம். பாய் வீட்டம்மா, நாங்கள் கறி தொடாத வெள்ளிக்கிழமை பார்த்துக் கறி போட்ட நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினால், அன்றைக்கு எனக்கு வரும் சோதனை பாலைவனத்தில்கூட யாருக்கும் வந்திருக்காது.

எங்கள் பங்கை, அதாவது கோவிலைச் சேர்ந்த குடும்பங்களை, பன்னிரண்டு அன்பியங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அன்பியம் என்றால் இரண்டு மூன்று தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபம் சொல்லும் கூட்டம். அன்பியத்துக்கு ஒருவர் வீதம் பெரிய வியாழனுக்குக் கால் நீட்டலாம். சில வருஷமாகப் பெண்களும் உட்காரலாம் என்று ஆனதிலிருந்து போட்டி இரண்டு மடங்காகிவிட்டது. எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவராக எழுந்து, "எனக்கெல்லாம் தகுதி இல்லீங்க" என்றார்கள். சொல்லிவிட்டு, "இல்ல இல்ல, நீங்கதான் உக்காரணும்" என்று யாராவது சொல்வார்களா என்று சுற்றிலும் பார்த்தார்கள். யாரும் சொல்லவில்லை. தகுதி இல்லாதவர்கள் பதினெட்டுப் பேர் சேர்ந்துவிட்டதால் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயர் வந்தது. அவர் அப்போது மூலையில் ஜமக்காளத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் பங்கு முழுக்கக் கால்களுக்கு நல்ல காலம் பிறந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வரும் வீடுகளை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படியொரு சொல்தா வீட்டம்மா, தவக்காலத்துக்கு ஊதாதான் பொருத்தம் என்று கால் நகத்துக்கு ஊதாப் பாலிஷ் போட்டுக்கொண்டார். பங்குப்பேரவைச் செயலர் மிஷன் வீதிப் பக்கம் ஒரு பார்லருக்குப் போய்க் குதிகாலைச் சுரண்டிக்கொண்டு வந்தார். யாருக்கும் தெரியாமல் போய்வந்ததாகத்தான் நினைத்தார். அங்கே வேலை செய்யும் பெண் எங்கள் பாடகர் குழுவில் பாடுகிறாள்.

நான் மட்டும் யோக்கியமா? பீர்க்கங்காய் நாரும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு அவர் காலடியில் போய் உட்கார்ந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"கழுவறதுக்குத்தான கூப்பிடுறாங்க. கழுவிட்டுப் போனா சாமி இன்னாத்தக் கழுவுவாரு?" என்றார்.

"ஊரே பளபளன்னு வருது. நீங்க மட்டும் வெடிச்ச காலோட போய் உக்காந்தா என்னத்தான் பேசுவாங்க."

"பேசட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்கு எதற்கும் அதுதான் பதில். பேசட்டும் என்று விட்டுவிட்டதால்தான் இருபது வருஷமாகப் பேசுகிறார்கள்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் பின்னாலிருக்கும் ஹாலில் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு யாருக்கு எந்த நாற்காலி என்று பேசினார்கள். நானும் கூடப் போய்ப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். இங்கேதான் வருஷா வருஷம் சிக்கல். முதல் நாற்காலி தலைமைச் சீடர் இராயப்பருடையது என்று எல்லோருக்கும் அதன்மேல் கண். அதைச் செயலர் பல வருஷமாகத் தன் தாழ்மையினால் வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பன்னிரண்டாவது நாற்காலிதான் யாருக்கும் வேண்டாம். அது யூதாஸ் நாற்காலி.

பைபிளில் அப்படி நாற்காலிக் கணக்கெல்லாம் கிடையாது. ஆனால் எங்கள் பங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முந்தின ஒரு வருஷம் அதில் உட்கார்ந்தவர் ஈஸ்டரன்றைக்கே வண்டியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் உட்கார்ந்தவர் மகளுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போனது. போன வருஷம் அந்த நாற்காலிக்காரருக்குச் சரியாகப் பூசை நேரத்தில் வயிற்றைக் கலக்கியதால், கோவிலில் எடுபிடி வேலை பார்க்கும் கோவில்பிள்ளையை இழுத்து உட்காரவைத்தார்கள்.

அரைவட்டமாகப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். அப்படிப் போட்டாலும் கடைசி கடைசிதானே என்றார்கள். வலது பக்கமிருந்து ஆரம்பிக்காமல் இடது பக்கமிருந்து ஆரம்பிக்கலாம் என்றதும், முதல் நாற்காலியில் உட்கார்ந்திருந்த செயலர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். உபதேசியார், யூதாஸ் செத்தபிறகு அவன் இடத்துக்குச் சீட்டுப் போட்டு மத்தியாவைத் தேர்ந்தெடுத்தார்கள், அதனால் அது மத்தியா நாற்காலி என்று விளக்கினார். பதிலுக்கு வந்த ஆளின் நாற்காலியும் யாருக்கும் வேண்டாம்.

"நான் உக்காந்துக்கறேண்ணே" என்றார் என் வீட்டுக்காரர்.

செயலர் பேப்பரில் எழுதிக்கொண்டே, "அதானே, உனக்கு இன்னா புதுசா" என்று சிரித்தார். பழைய ஆட்கள் நான்கைந்து பேரும் கூடச் சிரித்தார்கள். மற்றவர்களுக்கு எதற்குச் சிரிப்பு என்று தெரியவில்லை. எனக்குத் தெரியும். தலையிலிருந்து கால்வரை பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரரும் செயலரும் ஒரே மில்லில், ஒரே ஷிப்டில் இருந்தவர்கள். மில்லை மூடப் போகிறார்கள் என்றானபோது விருப்ப ஓய்வுக் காகிதத்தில் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது என்று எல்லோரும் கேட்டில் சத்தியம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மாதம் உட்கார்ந்தார்கள். நாலாவது மாதம் அவர்கள் செக்ஷனில் முதல் ஆளாக இவர் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். வெளியே வந்தவரைப் பார்த்து, கேட்டில் இருந்த அத்தனை பேருக்கும் நடுவில், "யூதாஸ் வர்றான் பார்" என்றது இந்தச் செயலர்தான். அடுத்த இரண்டு மாதத்தில் எல்லோரும் வரிசையாகப் போய்க் கையெழுத்துப் போட்டார்கள், செயலரும் போட்டார். ஆனால் பேர் முதலில் போட்டவருக்குத்தான். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், கோவில் திருவிழாவில், "வாய்யா யூதாஸ்" என்று தோளில் தட்டிக் கூப்பிடுவார்கள். தமாஷாகத்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஏனென்றால் கையெழுத்துப் போடச் சொன்னது நான். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. யாருக்கும் உயிர் போகவில்லை. வாடகை பாக்கி, மகளுக்கு ஸ்கூல், தினமும் அவர் கேட்டிலிருந்து வெறுங்கையோடு வருவது, எல்லாம் சேர்ந்து எனக்கு அலுத்துப்போய்விட்டது. நாளைக்குப் போய்ப் போடவில்லையென்றால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கனகசெட்டிக்குளத்தில் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்பி வரமாட்டேன் என்றேன். துணியை மூட்டைகூடக் கட்டிவிட்டேன். அவர் மறுநாள் காலையில் போய்ப் போட்டார். யார் சொல்லிப் போட்டாய் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை. ஊரில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிற நான் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் வாயைத் திறந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து கத்தினேன். பட்டம் கட்டின ஆளே பட்டத்தை எழுதிக் கையில் கொடுக்கிறான், நீங்களும் வாங்கிக்கொண்டு வருகிறீர்களே என்றேன். கோவில் முழுக்கப் பார்க்கும், போட்டோ எடுப்பார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும் என்றேன்.

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "யூதாசு காலத் தள்ளி உட்டுட்டுப் பதினோரு பேருக்கா கழுவினாரு? அவன் காலையும்தான கழுவினாரு."

"அது பைபிளு. இது முதலியார்பேட்ட."

"யாராச்சும் உக்காந்துதான ஆவணும்" என்றார். அதற்குமேல் பேசமாட்டார் என்று தெரியும்.

மறுநாள் பங்குச்சாமியைப் போய்ப் பார்த்தேன். இளவயசு, வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நாற்காலிக்கெல்லாம் பேரு கெடையாதும்மா" என்றார்.

"அப்ப நீங்களே அதுல உக்காருங்க சாமி."

"நான் கீழ முட்டி போடணுமேம்மா" என்று சிரித்தார். உங்கள் வீட்டுக்காரரே கேட்டு வாங்கிக்கொண்ட இடத்தை நான் எப்படி மாற்றுவது என்றும் சொன்னார். நியாயம்தான். ஆனால் மில் விஷயத்தில் என் பங்கு என்ன என்று அவரிடமும் நான் சொல்லவில்லை. பாவம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்ப் பால்காரரைத் திட்டியதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பெரிய வியாழன் அன்று கோவில் சுத்தம் செய்யும் முறை எங்கள் அன்பியத்துக்கு. மத்தியானத்திலிருந்து வெறுங்காலோடு நின்று பெருக்கி, துடைத்து, நாற்காலிகளைத் தூக்கிப் போட்டு, பூத்தொட்டி நகர்த்தினோம். மற்றவர்கள் குளித்து மாற்றிக்கொண்டு வர வீட்டுக்குப் போனபிறகு நான் தங்கிவிட்டேன். பீடத்துக்கு முன்னால் வெள்ளைத்துணி போர்த்திய பன்னிரண்டு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. பக்கத்து அறைக்குப் போய் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து, ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, பன்னிரண்டாவதுக்குப் பக்கத்தில் போட்டேன். இப்போது கடைசி நாற்காலி காலி நாற்காலி. யூதாஸ் வேண்டுமானால் வந்து உட்கார்ந்துகொள்ளட்டும். என் வீட்டுக்காரர் கடைசி ஆள் இல்லை. அத்தனை புத்திசாலித்தனத்துக்கும் என்னை நானே மெச்சிக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வீட்டுக்குப் போய்க் கால் கழுவக்கூட நேரமில்லை.

பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். நாற்காலி கூடியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் அவரவர் கால்மேல்தான் கண். சாமி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு செயலரிடமிருந்து ஆரம்பித்தார். கோவில்பிள்ளை பேசினைப் பிடிக்க, தண்ணீர் ஊற்ற, துடைக்க, முத்தமிட, ஒவ்வொரு காலுக்கும் போன்களெல்லாம் மேலே எழும்பின. செயலரின் குதிகால் பளிங்குபோல இருந்தது. ஊதா நகத்தைக் கண்டு சாமி ஒரு விநாடி தயங்கியதுபோல் இருந்தது எனக்கு. பேசின் என் பக்கமாக நகர்ந்து வரவரப் பார்த்தேன். பதினோரு கால் கழுவியும் தண்ணீர் ஊற்றும்போது இருந்த மாதிரியே தெளிவாக இருந்தது.

பன்னிரண்டாவதாக அவருக்கு. பூசைக்குக் குளித்துவிட்டு வந்த, வெடித்த காலைத் தயங்காமல் நீட்டினார். சாமி குனிந்து முத்தமிட்டபோது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சிரித்துச் சமாளிக்காத அவர் முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. இந்த ஆளை யூதாஸ் என்று கூப்பிட நான்தானே இத்தனை பேருக்கு வழி விட்டேன் என்று எனக்கு இருந்தது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் சாமி முட்டியிட்டபடியே பழக்கத்தில் அடுத்த நாற்காலிக்கு நகர்ந்துவிட்டார். கோவில்பிள்ளையும் பேசினோடு நகர்ந்தார். நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. பாடகர் குழு பாட்டு முடிந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முதல் நாற்காலியிலிருந்து செயலர் எட்டிப் பார்த்து, "யாரு வரல?" என்று விரல் விட்டு எண்ணினார்.

என் வீட்டுக்காரர் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அப்புறம் நேராகத் திரும்பித் தூணுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். வேறு யாராக இருந்தாலும் தேட வேண்டியிருக்கும், அவருக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. கோபம் இல்லை அந்தப் பார்வையில். காலி நாற்காலியைக் கையால் இரண்டு தட்டுத் தட்டினார். பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தால் அப்படித்தான் தட்டுவார்.

கோவில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எழுந்து போவதைத் தவிர வேறு வழியில்லை. போய் உட்கார்ந்தேன், நானே போட்ட கடைசி நாற்காலியில். வலது காலை நீட்டியபோதுதான் பார்த்தேன். தூசி, சேறு, பூத்தொட்டி மண், குதிகால் வெடிப்பில் கருப்பு. இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். சாமி விடவில்லை, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். அன்றைக்கு அந்தப் பேசினில் அப்போதுதான் முதல்முறையாகத் தண்ணீர் அழுக்கானது. சாமி விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார், மற்றவர்களுக்கு ஆனதைவிட அதிக நேரம் ஆனது. வெட்கத்தில் செத்தேன். அழுதும் விட்டேன். ஒரு போன்கூட மேலே எழும்பவில்லை.

பூசை முடிந்து வெளியே செருப்பு போடும் இடத்தில் செயலர் பிடித்துக்கொண்டார். கூடப் பழைய மில்காரர்கள் இரண்டு மூன்று பேர்.

"தங்கச்சி, பதிமூணு சீடருன்னு எந்த பைபிள்ல இருக்குது? புருஷன் நாற்காலிய நீ வாங்கிக்கின போல" என்று சிரித்தார்.

"ஆமாண்ணே. அது எந்நாற்காலிதான்" என்றேன். "மில்லுல கையெழுத்துப் போடச் சொன்னது நான். போடலன்னா புள்ளையத் தூக்கிக்கினு போயிடுவேன்னு நான்தான் மெரட்டினேன். அவுரு சத்தியத்த மீறினது எனக்காக. இனிமே யூதாசுன்னு கூப்பிடணும்னா என்னக் கூப்பிடு. இருவது வருஷமா ஆளு மாத்திக் கூப்பிடுற."

யாரும் சிரிக்கவில்லை. செயலர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் வீட்டுக்காரரிடம், "ஏன்யா, சொல்லியிருக்கலாம்ல" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

"சொன்னா இவளச் சொல்லுவீங்க" என்றார் அவர்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு குனிந்து குவியலில் என் செருப்பைத் தேடி எடுத்து, ஜோடி சேர்த்து என் காலடியில் வைத்தார். கழுவாத இடது காலில் மட்டும் அழுக்கு இருந்தது. போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.